நீலப்பொடி டப்பா

ஜன்னலோரம் நீங்களே இருங்கக்கா. எனக்கு இங்கனயே போதும், நான் காத்து வாங்க வரல. முன்னால மூணாவது சீட்டுல ஒரு ஆளு திரும்பித் திரும்பிப் பாக்கான் பாருங்க, அவன் எங்க ஊருல ஏறினவன். எதுக்குப் பாக்கான்னு தெரியல. ஜன்னலோரம் இருந்தா என் முகம் அவனுக்கு நல்லாத் தெரியும்.

பாளையங்கோட்டைக்கா போறீய? நானும் அங்கதான். பெரியாஸ்பத்திரிக்கு. எனக்கு ஒண்ணுமில்ல. கல்யாணம் கட்டி வந்து இருவத்திரெண்டு வருசமாச்சு, தலைவலிக்குத் தைலம் தேச்சது கிடையாது. என் மக அங்க கிடக்கா. எப்சிபா. பதினாறு முடிஞ்சிட்டு. முந்தாநாளு வீட்ட விட்டுப் போயிட்டா. நேத்து சாயங்காலம் ஒரு நர்சு போன் பண்ணுதா. உங்க மகள இங்க சேத்திருக்கு, நிலைமை சரியில்ல, டாக்டரம்மா உங்ககிட்ட ஒரு விசயம் கேக்கணுங்காவ, அது தெரிஞ்சாத்தான் எந்த மருந்து எவ்வளவுன்னு முடிவு பண்ண முடியும், உடனே வாங்கன்னு. போன்லயே கேளேன்னேன். கேட்டா. நான் போன வச்சிட்டேன்.

என்ன கேட்டாங்கிறீயளா? இருங்க, வாரேன். மொதல்லருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். நீங்க யாரு எவருன்னு தெரியல, காதுல கம்மல் கிடக்கு, பரவாயில்ல. பாளையங்கோட்டையில இறங்கினா நீங்க யாரோ நான் யாரோ. அதுனாலதான் சொல்லுதேன்.

வெள்ளச் சேலையப் பாத்துட்டு விதவைன்னு நெனைச்சிருப்பீய. அதுவும் உண்டு, அவுக போய் ஆறு வருசமாச்சு. ஆனா எங்க சபையில எல்லாருமே வெள்ளதான். வெண்வஸ்திர சபைன்னு பேரு, உடங்குடிப் பக்கம். நகை கிடையாது, டிவி கிடையாது, மருந்து மாத்திரை கிடையாது. உடம்புக்கு வந்தா ஜெபம்தான். எங்க வீட்டு ஆளு நெஞ்சுச் சளியில பதினாறு நாளு கிடந்தாவ. அவுக தம்பி டாக்டரோட வாசல்ல வந்து நின்னான். நான் கதவத் திறக்கல. விசுவாசத்துல போனாவன்னு எங்க சபைய நடத்துத மூப்பரய்யா அடக்க ஆராதனையில சொன்னாவ. ஊரே என்னயத்தான் பாத்துச்சு, எப்பேர்ப்பட்ட பொம்பளன்னு. சும்மா சொல்லக்கூடாது, அந்த நேரத்துல அது எனக்குப் பெரிய தெம்பா இருந்துச்சு.

அதுக்கு அடுத்த வருசம் எப்சிபாவுக்கு வலிப்பு வந்துச்சு. பதினொரு வயசு. பள்ளிக்கூடத்துல, பெஞ்சுலருந்து கீழ விழுந்து. அப்புறம் மாசத்துக்கு ரெண்டு, மூணு. மூணு வருசம். நான் உபவாசம் இருந்தேன், நாப்பது நாளு, ஒரு நேரம் கஞ்சி. அவளுக்குப் பதினாலு வயசு நடந்தப்போ ஐப்பசி மாசம் நின்னுபோச்சு. அப்பிடியே நின்னுபோச்சு. கார்த்திகையில வரல, மார்கழியில வரல. வருசாவருசம் நடக்கிற மகா கூட்டத்துல மைக்கப் பிடிச்சு, கர்த்தர்தான் சுகம் குடுத்தாருன்னு சாட்சி சொன்னேன். எண்ணூறு பேரு இருந்தாவ. ரெண்டு வருசம், ரெண்டு கூட்டம். என் சாட்சியக் கேட்டுப் பதினாலு குடும்பம் எங்க சபைக்கு வந்துச்சு. ஒருத்தி, அவ மகனுக்கும் இதே சீக்கு, கையில வச்சிருந்த மருந்து பாட்டில அன்னைக்கே வாய்க்கால்ல கொட்டிட்டா. எல்லாரும் கைதட்டினோம்.

அந்தப் பையனா? தெரியல. அவங்க இப்பம் வாரதில்ல.

விசயத்துக்கு வாரேன். போன மார்கழியில ஒரு நாளு, விடியக்கால ஜெபத்துல எப்சிபா கொட்டாவி விட்டா. நான் எதிர்ல இருக்கேன். நாக்கு நீலமா இருக்கு. பூராவும் இல்ல, நடுவுல, ஒரு விரல் அகலத்துக்கு. ஜெபம் முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்ச உடனே கேட்டேன், என்னட்டி நாக்குலன்னு. நாவப்பழம் தின்னேம்மாங்கா. சரின்னு அடுப்படிக்குப் போயிட்டேன். மார்கழியில ஏதுக்கா நாவப்பழம்? அது ஆடியில வாரது. பொய் சொல்லுதவளுக்கு மாசம் கூடத் தெரியல.

பெத்த தாய்கிட்ட ஒரு பொய்யச் சொல்லிட்டான்னா பின்னால பத்துப் பொய் ஒளிஞ்சிருக்கும். எனக்கு அன்னையிலருந்து தூக்கம் கிடையாது. மொதல்ல பேனா மைன்னு நெனைச்சேன். பேனாவ வாயில வச்சுக்கிட்டு யோசிச்சு யோசிச்சு எழுதுதா. அப்பிடி யோசிச்சு என்னத்த எழுதுவா இந்த வயசுல? லெட்டர்தான். வீட்டுல இருந்த பேனா அத்தனையும் எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டினேன். பாடத்த பென்சில்ல எழுதுன்னேன். ஏம்மான்னு ஒரு வார்த்த கேக்கல. குத்தமில்லாதவ கேட்டிருப்பால்லா? நோட்ட வெயில்ல பிடிச்சுப் பாத்தேன். வேதப் புஸ்தகத்துப் பக்கம் பக்கமாத் தட்டிப் பாத்தேன். ஒரு காஞ்ச பூ விழுந்துச்சு, அது நானே எப்பவோ வச்சது.

சபையில டிரம் தட்டுத எலியாசர்னு ஒரு பையன் உண்டு. அவன் மேலதான் எனக்கு மொதச் சந்தேகம். ஆராதனை முடிஞ்சு அவன் கையப் பிடிச்சு விரலப் பாத்தேன், மை கிய் இருக்கான்னு. அவன் அம்மாக்காரி அதப் பாத்துட்டு, எதுக்கு என் மகன் கையப் பிடிக்கீயன்னு சண்டைக்கு வந்துட்டா. அவ அம்புட்டுக் கோவப்பட்டதும் எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு.

ஆனா நாக்குல நீலம் வாரது நிக்கல. வாரத்துல ரெண்டு நாளு, மூணு நாளு. லேசாத்தான் இருக்கும், வெளிச்சத்துல பாத்தாத்தான் தெரியும். நான் பாப்பேன். அவ தூங்குதப்போ கூட வாயத் திறந்திருந்தா குனிஞ்சு பாப்பேன்.

அப்பந்தான் பெயூலாவக் கவனிக்க ஆரம்பிச்சேன். தையல்காரர் தேவசித்தம் மக. எப்சிபாவ விட ஒரு வயசு மூப்பு. தாய் இல்லாத பிள்ள. சபைக்கு அவங்க வந்தது ரெண்டரை வருசத்துக்கு முன்ன, புரட்டாசியில. எனக்கு அந்தப் பிள்ளைய வந்த அன்னைக்கே பிடிக்கல. பெரியவங்ககிட்டப் பேசும்போது ஒரு பிள்ள தரையப் பாத்துப் பேசணும். இது கண்ணப் பாத்துப் பேசும். அவ அம்மா கூடப் பிறந்த சித்தி ஒருத்தி பாளையங்கோட்டையில இருக்கா, நம்ம சபை கிடையாது, பெரியாஸ்பத்திரியில மருந்து குடுக்கிற ஜன்னல்ல வேல பாக்கா. எங்க கிளைச் சபையும் அங்க ஒண்ணு இருக்கு. மாசம் ஒருக்க வாலிபர் கூடுகைன்னு இதுக ரெண்டும் சேந்து போவும். போயிட்டு வந்தா, என்ன பிரசங்கம்ட்டின்னு கேப்பேன். விசுவாசத்தப் பத்திம்மாம்பா. எல்லா மாசமும் விசுவாசத்தப் பத்தியே பேசுவாவளா? எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்.

ஒரு பயல் உண்டு பாளையங்கோட்டையில, பெயூலா நடுவுல நிக்கான்னு முடிவு பண்ணிட்டேன். யாருன்னுதான் தெரியல.

வெள்ளத் துணி வெளுக்கிறது எங்க சபையில குமரிப் பிள்ளைய வேல. திருவிருந்து மேசைத் துணி, சன்னல் திரை, வெளியூரு ஊழியக்காரங்க வேட்டி சட்டை, எல்லாம் சனிக்கிழமை சபைக்குப் பின்னால கொட்டகையில வச்சு வெளுக்கும். வெள்ளன்னா சும்மா வெள்ள இல்ல, நீலம் போட்டு அலசின வெள்ள. ஒரு கறை இருக்கக் கூடாது. தை மாசம் ஒரு சனிக்கிழமை நான் சொல்லாமக் கொள்ளாம கொட்டகைக்குப் போனேன். பிள்ளைய துணி காயப்போட வெளியில நிக்குதுக. உள்ள பரண்ல நீலப்பொடி டப்பா ஒண்ணு. அதப் பாத்ததும் எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னா சொட்டு நீலம் வந்தப் பிறகு பொடிய யாரும் தொடுறதில்ல. மூணு வருசமா பாட்டில்தான். தொடாத டப்பா மேல தூசி இருக்கணும்லா? இல்ல. மூடியில விரல் தடம்.

கைய விட்டேன். பொடிக்குள்ள பிளாஸ்டிக் பை. பைக்குள்ள மாத்திரை. அட்டையில பேரு இருக்கிற ஓரத்தையெல்லாம் கத்திரியால வெட்டி எடுத்திருக்கு. முழங்கை வரைக்கும் எனக்கு நீலம்.

பெயூலா ஓடியாந்தா. "அது என்னுது அத்த" ங்கா. நான் கேக்கவே இல்ல, அதுக்குள்ள சொல்லுதா. அவளுக்குப் பின்னால எப்சிபா ஈரத் திரைய மார்போட சேத்துப் பிடிச்சிக்கிட்டு நிக்கா. அவ வாயத் திறக்கப் போனா. பெயூலா திரும்பி ஒரு பார்வ பாத்தா, இவ மூடிக்கிட்டா. அதையும் நான் கவனிச்சேன்.

"என்ன மாத்திரைட்டி இது?"

"எதுக்குத் தின்னுத?"

டப்பாவ வாங்கக் கைய நீட்டுதா, பதில் சொல்லல.

நீங்களே சொல்லுங்கக்கா. கல்யாணமாகாத பிள்ள, பேர வெட்டிட்டு, ஒளிச்சு வச்சுத் தின்னுத மாத்திரை என்னவா இருக்கும்? உலகத்துல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. அப்பம் என் மக நாக்குல நீலம் எப்பிடின்னு கேக்கீய. அதையும் யோசிச்சேன். துணி வெளுக்கிற கையோட எதையாவது தின்னிருப்பான்னு நெனைச்சேன். என் மக குணமானவ. அவளுக்கு எதுக்கு மாத்திரை?

மூப்பரய்யா வந்தாவ. பெயூலா ஒரே ஒண்ணுதான் கேட்டா. "என்னய என்ன வேணும்னாலும் செய்யுங்க, அத மட்டும் எரிச்சிராதீய" ன்னு. பாவத்து மேல எம்புட்டு ஆச பாருங்கன்னு பக்கத்துல நின்னவங்ககிட்ட நான்தான் சொன்னேன். அய்யா அடுப்புல போட்டாவ. தேவசித்தம் ஓரமா நின்னு அழுதாரு. அவ அழல.

எங்ககிட்ட ஒரு முறை உண்டு. குத்தம் பண்ணிட்டு அறிக்கை செய்யாதவங்கள பின்பாயில உக்கார வைப்போம். வாசலுக்குப் பக்கத்துல, செருப்பு கிடக்குமே, அங்க ஒரு பாய். அதுல இருக்கிறவங்ககிட்ட யாரும் பேசக் கூடாது. அவங்க வாய்விட்டுச் சொல்லுத வரைக்கும். இன்னொண்ணும் உண்டு. பின்பாயில ஒரு ஆளு இருந்தா சபைக்கே திருவிருந்து கிடையாது. மாசா மாசம் மொத ஞாயித்துக்கிழமை அப்பம் பிட்டு எல்லாருக்கும் குடுப்பாவ, அது யாருக்கும் கிடையாது. அப்பந்தான் எல்லாரும் சேந்து நெருக்கி வாயத் திறக்க வைப்பாவ. சாதாரணமா ரெண்டு வாரத்துல சொல்லிருவாவ. என் மாமியா ஒரு தடவ மூணு நாளுல சொல்லிட்டாவ. பெயூலா பதினொரு வாரம் இருந்தா, பாளையங்கோட்டைக் கூடுகைக்கும் ரெண்டு பேரையும் விடல. எந்தப் பயலையும் சொல்லல. யாரக் காப்பாத்துதா இம்புட்டுக்குன்னு எனக்கு மண்டை வெடிச்சிரும் போல இருந்துச்சு.

அந்தப் பதினொரு வாரத்துல எப்சிபா ஒருநாளு லேசா வழுக்கி விழுந்தா. கிணத்தடியில. பாசி.

என்னக்கா அப்பிடிப் பாக்கீய? சரி. வழுக்கல. டப்பா எரிஞ்சு ஒம்பதாம் நாளு. கிணத்தடியில வாளியோட நின்னவ, அப்பிடியே சாஞ்சா. நான் ஓடிப் போய்த் தலைய மடியில வச்சேன். கால் ரெண்டும் அடிச்சுக்கிட்டுக் கிடக்கு. நான் மொதல்ல என்ன செஞ்சேன் தெரியுமா? அக்கம்பக்கத்துல யாரும் பாக்காவளான்னு பாத்தேன். பொறவுதான் அவ முகத்தப் பாத்தேன். முழிச்சப்போ, "என்னம்மா ஆச்சு" ன்னா. "வெயில்ல மயங்கிட்டட்டி" ன்னேன். அவளுக்கு நடந்தது ஒண்ணும் தெரியாது, அந்தச் சீக்கு அப்பிடித்தான். ஆனா நாக்கக் கடிச்சிருந்துச்சு. கண்ணாடியில நாக்க நீட்டிப் பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் நின்னா.

ஒரே ஒரு தடவதான் அப்பிடி. சரி, பொறவு அடுப்படியில ஒருக்க.

இதுக்கும் பெயூலாதான் காரணம்னு நெனைச்சேன். சபைக்குள்ள பாவம் உக்காந்திருக்கு, அதான் என் வீட்டுக் கதவத் தட்டுதுன்னு. ஞாயித்துக்கிழமை உள்ள போகும்போது அவ பாயத் தாண்டித்தான் போகணும். நான் சேலைய ஒதுக்கிக்கிட்டுப் போவேன். ஒரு ஞாயித்துக்கிழமை அவ என் சேலைத் தலைப்பப் பிடிச்சிட்டா. பாயில இருக்கிறவ பேசக் கூடாது, தொடக் கூடாது. "அத்த, அவளுக்கு மறுபடி வந்துச்சா?" ங்கா. எனக்கு உச்சந்தலையில ஏறிட்டு. இவளுக்கு எப்பிடித் தெரியும்? வேவு பாக்காளா? தலைப்ப உருவிக்கிட்டுப் போயிட்டேன். போய் உக்காந்து பாட்டுப் பாடினேன்.

போன சனிக்கிழமை ஒப்புரவுக் கூட்டம். திருவிருந்துக்கு மொத நாளு, பொம்பளைய ஒவ்வொருத்தியா எந்திரிச்சு, என் மனசுல மறைவு இல்ல, யாரு மேலயும் குறையில்லன்னு சொல்லணும். மூணு மாசமா அப்பம் கிடைக்காத கோவம் எல்லாருக்கும். பெயூலாவப் பாத்துப் பாத்துச் சொல்லிட்டு உக்காருதாவ. நானும் எந்திரிச்சேன். சொன்னேன். என் மனசுல மறைவு இல்லன்னு. அடுத்து எப்சிபா.

அவ எந்திரிச்சு நின்னா. சத்தமாச் சொன்னா. "அந்த மாத்திரை எனக்கு. ரெண்டு வருசமா நான்தான் தின்னேன். பெயூலா அவ சித்தி ஆஸ்பத்திரிக்கு என்னயக் கூட்டிட்டுப் போனா, டாக்டர் குடுத்தாவ. எனக்கு வலிப்பு நின்னது அதுனாலதான். இப்பம் அது இல்லாம மறுபடி வருது. எங்க அம்மாவுக்குத் தெரியும்."

எண்பது பொம்பளைய கேட்டுக்கிட்டு இருக்காவ. மூப்பரய்யா என்னயப் பாக்காவ. "தவமணி, மறுபடி வருதா?" ன்னு கேக்காவ. மகா கூட்டத்துக்கு இன்னும் இருவது நாளு. நோட்டீஸ்ல என் சாட்சி போட்டாச்சு.

நான் எந்திரிச்சேன். "பொய் சொல்லுதா அய்யா. கூட்டுக்காரியக் காப்பாத்தப் பொய் சொல்லுதா. என் மகளுக்குக் கர்த்தர் சுகம் குடுத்து ரெண்டரை வருசமாச்சு. ஒரு தடவ கூட வரல" ன்னேன்.

குரல் நடுங்கவே இல்லக்கா. மைக்குல பேசிப் பழகின வாய்.

எப்சிபா என்னயப் பாத்தா. அழுவான்னு நெனைச்சேன். அழல. மெதுவா நடந்து போய், செருப்பெல்லாம் ஒதுக்கிட்டு, பின்பாயில பெயூலா பக்கத்துல உக்காந்துக்கிட்டா. உக்காரச் சொல்லி யாரும் சொல்லல. பெயூலா அவ கையப் பிடிச்சிக்கிட்டா. அந்த ஞாயித்துக்கிழமையும் அப்பம் இல்ல.

பின்பாயில இருக்கிறவகிட்டப் பேசக் கூடாதுல்லா. வீட்டுலயும் நான் பேசல. சோத்தப் போட்டு வச்சேன். அவ தின்னா, தட்டக் கழுவினா. மூணு நாளு. முந்தாநாளு காலையில எந்திரிச்சுப் பாத்தா பாய் மடிச்சிருக்கு. மொத பஸ்சுல ரெண்டும் ஏறிச்சுன்னு டீக்கடைக்காரர் சொன்னாரு. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? ஆக, பாளையங்கோட்டையில பயல் இருக்கான், நான் சொன்னது சரிதான்னு. அப்பவும் அதான் தோணுச்சு. உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் கூட.

பயலும் இல்ல, ஒருத்தனும் இல்ல. பஸ்ஸ்டாண்டுல இறங்கி, சித்தி வீட்டுக்குப் போறதுக்குள்ள, எப்சிபாவுக்கு வந்திருக்கு. ஒண்ணு நின்ன உடனே அடுத்தது. நிக்கவே இல்லையாம். பெயூலாதான் தாவணிய உருட்டித் தலைக்கு அணை குடுத்து, ஆட்டோவுல தூக்கிப் போட்டுக் கொண்டு போயிருக்கா. நர்சு சொன்னா. இப்பம் ஊசியில தூங்குதாளாம். எந்திரிச்சா மறுபடி வராம இருக்கணும்னா டாக்டரம்மாவுக்கு ஒண்ணு தெரியணும். மாத்திரை நின்ன பிறகு எத்தன தடவ வந்துச்சு, எம்புட்டு நேரம் வந்துச்சு. ஊசிக்கு முன்ன கொஞ்சம் முழிச்சப்போ எப்சிபாவக் கேட்டிருக்காவ, தெரியாதுன்னுட்டா. அவளுக்கு எப்பிடித் தெரியும்? பெயூலாவக் கேட்டா, பின்பாயில இருந்தேன், பாக்கலைங்கா. "வீட்டுல கூட இருந்தது நீங்கதானம்மா, நீங்கதான் சொல்லணும்" னு நர்சு சொன்னா. அப்பந்தான் போன வச்சேன்.

காலையில மூப்பரய்யா வந்தாவ. போய்க் கூட்டிட்டு வா, அங்க யாருகிட்டயும் ஒண்ணும் பேசாத, ஞாயித்துக்கிழமை சபையா ஜெபிப்போம்னாவ. தலைய ஆட்டினேன். பஸ் ஏறுத வரைக்கும் அந்த முடிவுலதான் இருந்தேன்.

நீங்க என்னய ஒண்ணும் கேக்க மாட்டேங்கீய. அது எனக்குச் சந்தேகமா இருக்கு. ஏதாவது கேளுங்க.

மாத்திரைனாலதான் திரும்ப வந்துச்சுன்னு சொல்லிப் பாத்தேன், எனக்கு நானே. கர்த்தர் சுகமாக்கின உடம்புல மருந்து போனா அது சும்மா விடுமான்னு. நல்லாத்தான் இருக்கு கேக்கதுக்கு. ஆனா புரட்டாசியில பெயூலா வந்தா, ஐப்பசியில நின்னுச்சு. தையில டப்பாவ எரிச்சோம், ஒம்பது நாளுல வந்துச்சு. நான் படிக்காதவதான். மாசம் எனக்குத் தெரியும். நாவப்பழம் எந்த மாசம்னு தெரிஞ்சவளுக்கு இது தெரியாதா? எனக்குத் தெரியும்க்கா. கிணத்தடியிலயே தெரியும். என் மக எந்திரிச்சு நின்னு சொன்னப்போ, ஒரு சொல்லு பொய் இல்லன்னு தெரிஞ்சுதான் பொய்ன்னேன்.

சாட்சி போயிரும்னு மட்டும் இல்ல. சாட்சி போனாப் போவுது. மாத்திரையில நிக்கும்னா, அப்பம் எங்க வீட்டு ஆளு? வாசல்ல டாக்டர் நின்னாரே. பதினாறு நாளு. ஒவ்வொரு நாளும் என்னயப் பாத்துக்கிட்டே கிடந்தாவ, கடைசி ரெண்டு நாளு பேச முடியல, கைய மட்டும் கதவப் பாத்து நீட்டுனாவ. பரலோகத்தக் காட்டுதாவன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். கதவத் திறக்கச் சொன்னாவளோ என்னமோ. எப்சிபாவுக்கு மாத்திரைனாலதான் நின்னுச்சுன்னு நான் ஒத்துக்கிட்டா, அந்தக் கதவு இன்னைக்கும் அடைச்சே கிடக்கும்லா எனக்கு முன்னால. அதுக்குத்தான் பயந்தேன். அதுக்கு என் மகளப் பொய்க்காரியாக்கினேன்.

சமாதானபுரம் தாண்டிட்டா? அடுத்து நம்மதான்.

ரெண்டு தடவன்னு சொன்னேன்லா. அதுவும் இல்ல. கிணத்தடி ஒண்ணு. அடுப்படி ஒண்ணு. மாசியில மட்டும் மூணு, அதுல ஒண்ணு பரீச்ச எழுதக் கிளம்பி நின்னப்போ. பங்குனியில ரெண்டு. கடைசியா வந்ததுதான் நீளம். ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரத்துக்கு மேல இருந்துச்சு, நான் பாடிக்கிட்டே இருந்தேன், வெளியில சத்தம் கேக்கக் கூடாதுன்னு. எல்லாத்துக்கும் நான்தான் மடியில வச்சிருந்தேன். கதவ அடைச்சிட்டு வச்சிருந்தேன். பஸ்ஸ்டாண்டுல வந்ததுக்கு மட்டும் நான் இல்ல.

ஏழு. பஸ்ஸ்டாண்டுக்கு முன்ன ஏழு.

வாயில வந்திட்டு. உங்ககிட்ட வந்திட்டு, அங்க வருமான்னு தெரியல. பெயூலா அங்க நிப்பா, கண்ணப் பாத்துப் பேசுவா. டாக்டரம்மா கேட்ட உடனே என் வாய் தானா, ஒரு தடவ கூட வரலைன்னு சொல்லிரும். அதுக்கு அது பழகிப்போச்சு. எனக்கு என்னயவே நம்பிக்கையில்லக்கா.

உங்களுக்கு எங்க போகணும்? அவசரமா? ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வேண்டாம், உள்ள, டாக்டரம்மா முன்னால வந்து நில்லுங்க. நான் வேற எதையாவது சொல்ல ஆரம்பிச்சேன்னா, என்னயத் தள்ளி விட்டுட்டு நீங்களே சொல்லிருங்க. ஏழுன்னு சொல்லுங்க. பெத்தவ சொன்னான்னு சொல்லுங்க.